நெஞ்சில் நாலு எழுத்து

போன புதன்கிழமை மதியம். ஸ்டெல்லா அக்கா டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை. நேராக என் டேபிளுக்கு வந்து செல்போனை நீட்டினார்.

"பாப்பா, இதெல்லாம் என்னன்னு சொல்லு."

ஸ்க்ரீனில் ஒரு போட்டோ. அவருடைய மகள் ரோஸி, ஒன்பதாம் வகுப்பு, டியூஷன் வாசலில் நிற்கிறாள். பிங்க் டி-ஷர்ட். நெஞ்சில் கொட்டை எழுத்தில் எஃப், ஏ, எஃப், ஓ. யாரோ அதை டியூஷன் பசங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாக எல்.எம்.ஏ.ஓ... ஐ.ஒய்.கே.ஒய்.கே... எஸ்.எம்.ஹெச்... நடுநடுவே கண்ணீர் விட்டுச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள்.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு — நான் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற வேலை. ஸ்டெல்லா அக்கா அங்கே செக்கிங். தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அந்த டி-ஷர்ட்டும் எங்கள் கம்பெனியில் தைத்ததுதான்.

அது ரோஸிக்குப் போனதில் என் கை இருக்கிறது. ஓரத்தில் சின்ன எண்ணெய்க் கறை, அதனால் ரிஜெக்ட். எங்கள் ஊரில் ரிஜெக்ட் பீஸை வேலை செய்பவர்கள் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது சகஜம். எடுத்துப் போகும்போது அக்கா என்னிடம் கேட்டார், சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, எழுத்தில் தப்பாக ஒன்றும் இல்லையே என்று.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் நான் சொன்னேன்: "பிராண்டு பேருதான்க்கா. மாஸா இருக்கும், போடச் சொல்லுங்க."

எனக்குத் தெரியுமா? தெரியாது! ஆனால் டிகிரி முடித்து, நாள் முழுக்க ரீல்ஸில் கிடக்கிற ஒருத்தி, நாலு எழுத்துக்கு எப்படித் 'தெரியலை' என்று சொல்வாள்?

இப்போது அக்கா முன்னாலேயே தேடினேன். பத்து செகண்ட். 'வாலாட்டிப் பார், அப்புறம் தெரியும்' என்கிற மாதிரி ஒரு மிரட்டல். 'வாலாட்டு' இருக்கிற இடத்தில் மட்டும் படு கெட்ட வார்த்தை ஒன்று.

அதைச் சொன்னேன். குரூப்பில் வந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். தெரிந்தவனுக்குத் தெரியுமாம். தலையில் அடித்துக்கொள்கிறார்களாம்.

அக்கா கத்தவில்லை. "மூணு நாளா டியூசன் போவல. கேட்டா தலைவலிங்கா. கணக்குல இப்பத்தான் பாஸாகுற அளவுக்கு வந்தா" என்றார். செல்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நீ சொன்னன்னுதான் போட்டு விட்டேன்" என்றார்.

கத்தியிருக்கலாம்.

திருப்பூரில் ஒரு பிரிண்ட் வந்தால் என்னென்ன பார்ப்போம் தெரியுமா? கழுத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே, கலர் ஷேடு சரியா, துவைத்தால் உரியுமா, இழுத்தால் வெடிக்குமா... எல்லாம் பார்ப்போம். படிக்க மட்டும் மாட்டோம். எழுத்தும் எங்களுக்குப் பூ, பூனை மாதிரி ஒரு படம். பையர் அனுப்பினால் அடிப்போம், அவ்வளவுதான்.

மீதிப் பீஸெல்லாம் பேக்கிங் டேபிளில் இருந்தன. எல்லாம் ரோஸி வயசுப் பெண்களுக்கான சைஸ். நேராக ஓனர் ரூமுக்குப் போனேன்.

"ஏனுங்கண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுங்களா?"

"பையர் அப்ரூவ் பண்ணுனது கண்ணு. இத்தன வருசமா ஏபிசிடி அடிக்கறோம், எவன் அர்த்தம் கேட்டான்?"

விரித்துச் சொன்னேன். தமிழில். ஒரு எழுத்து விடாமல். கையிலிருந்த டீ அப்படியே நின்றது.

"உங்க பாப்பாவுக்குப் போட்டு உடுவீங்களா?"

போனை எடுத்துப் பேக்கிங்கை நிறுத்தச் சொன்னார். எழுத்தின் மேலே துணியில் பெரிய பூ ஒன்றை வைத்துத் தைத்துவிடலாம் என்று பையரிடம் அவரே பேசிச் சம்மதிக்க வைத்தார். எனக்குத் திட்டும் கிடைத்தது — இதை முன்னாடியே பார்க்கிறதுக்கு என்னவாம்? நியாயம்தானே.

ஆனால் டி-ஷர்ட்டுக்குப் பூ வைக்கலாம். ரோஸிக்கு?

சாயங்காலம் அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன். ரோஸி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை மழுப்பாமல் சொன்னேன். அர்த்தம் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடித்தேன், தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அந்த நாலு எழுத்தையும் முழுசாக விரித்துச் சொல்லச் சொன்னாள். எனக்கே கூச்சம். சொன்னேன். குரூப்பில் வந்த ஒவ்வொன்றையும் கேட்டு, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். நாளைக்கு டியூஷனுக்கு நானும் கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் அவளே போயிருக்கிறாள். மிஸ் வந்து உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று, போட்டோ போட்ட பையனிடம் கேட்டிருக்கிறாள்: "என் சட்டைல என்ன எழுதியிருந்துச்சு? முழுசா, சத்தமாச் சொல்லு. மிஸ்ஸுக்கும் கேக்கட்டும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனும் இல்லை. குரூப்பில் அத்தனை எழுத்து அடித்த ஒருத்தனுக்கும் குரல் வரவில்லை. மிஸ்தான் என்ன ஏது என்று விசாரித்து, போட்டோவை அழிக்க வைத்திருக்கிறார். அன்றைக்கு ரோஸி முழு நேரமும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தாளாம். சொல்லும்போது ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அவர் டிபனில் இருந்து ஒரு துண்டு மீன் என் தட்டுக்கு வந்தது.

இந்தச் சுருக்கெழுத்தெல்லாம் வேகத்துக்காக என்று நினைத்திருந்தேன். பாதி தைரியத்துக்காக! விரித்துச் சொல்ல முடியாததைச் சுருக்கி எறிந்துவிட்டு ஓடலாம், பாருங்கள்.

எனக்கு இப்போது ஒரே சட்டம். தெரியாததைத் தெரியாது என்பேன். தெரியாததை அடிக்க விடமாட்டேன்.

நேற்று இன்னொரு பையரிடமிருந்து புது டிசைன் வந்திருக்கிறது. நெஞ்சில் அஞ்சு எழுத்து. தேடினேன், எனக்குப் பிடிபடவில்லை. முழு அர்த்தம் எழுதி அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. எப்போது அடிக்கலாம் என்று பிரிண்டிங்கிலிருந்து மூன்று தடவை போன்.

காத்திருக்கட்டும்.