நான் மிதித்துக் கொடுத்த தடம்

எங்கள் காடு திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, ஓடைக்கும் பஸ் போகும் சாலைக்கும் நடுவில் கிடந்தது. ஓடைக்கு அப்பால் குடியிருந்தவர்கள் அதன் குறுக்கே நடந்துதான் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவார்கள். ஆடியில் கடலை போட அப்பா டிராக்டர் விட்டு உழும்போது அந்த ஒற்றையடித் தடமும் சேர்ந்து மறைந்துவிடும். உழவு முடிந்ததும் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் முதலில் நடந்து தடம் மிதித்துக் கொடுப்பார். அதன் பிறகே மற்றவர்கள் கால் வைப்பார்கள். அது ஒரு மரியாதை. ஆறு வயதிலிருந்து அந்த உத்தியோகம் எனக்கு. பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

நான் ஐந்தாவது படித்த வருடம் அப்பா அங்கே கோழிப்பண்ணை போட முடிவுசெய்து கம்பிவேலி அடித்தார். வெளியாள் நடந்தால் கோழிக்கு நோய் வருமாம். ஓடைக்கு அப்பாலிருந்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார்.

"இங்க தடமே கெடையாதுங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

ஓடைக்கு அப்பாலிருந்து அந்தத் தடத்தில் பள்ளிக்கு வரும் என் வகுப்புத் தோழியின் அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "இந்த அம்மிணியக் கேளுங்க சார். அது பொய் சொல்லாதுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஆனாலும் தோழிக்காகத் துணிந்துவிட்டேன். "தடம் இருந்துச்சுங்க சார். அப்பா சொன்னா நாந்தான் வருசா வருசம் மிதிச்சுக் குடுப்பேன். நான் மிதிக்காம ஆரும் நடக்க மாட்டாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இது பொதுவழி இல்லீங்களே. காட்டுக்காரர் தயவுல இத்தன நாளு நடந்திருக்கீங்க" என்றார். தோழியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடி விழும் என்று பயந்திருந்த எனக்கு அன்று சாயங்காலம் அப்பா பரோட்டா வாங்கிக் கொடுத்தார். உண்மை பேசியதற்குப் பரிசு என்று நம்பித் தின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வேலி நின்றது. தோழி, லாரிகள் பறக்கும் மெயின்ரோட்டு வழியாகச் சுற்றி நடந்து வரலானாள். முதல் பாடம் முடியும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பாள், டீச்சரிடம் திட்டு வாங்குவாள். ஆறாவதுக்கு அவள் வரவே இல்லை.

அவள் நின்றுபோவதற்குச் சில நாள் முன்பு, "நேரத்துல எந்திரிச்சுக் கெளம்பறதுக்கென்னடி?" என்று நான் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாத திமிர் என்று எண்ணிக்கொண்டு, அன்றோடு நானும் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டேன்.