மூப்பருக்கு என் சாட்சி

அன்று நடுங்கிக்கொண்டிருந்த அக்காவின் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தைக்கும் பிரிவில் அவளுக்கு அடுத்த மிஷின் எனக்கு. முந்தின நாள் ஊசி ஏறிய அவள் விரல் வீங்கிப் பளபளத்தது. ஊசி ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல. டேப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஜோடியை எடுப்போம். ஆனால் அக்காவுக்கு லூபஸ். கிருமியோடு சண்டை போட வேண்டிய சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். அதை அடக்கத் தினமும் மாத்திரை விழுங்கினாள். அந்த மாத்திரையாலேயே, வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுக்கும் தெம்பும் அவளுக்குக் குறைந்துபோனது.

வேலூர் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: “இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் கிருமி பூந்தாலும் சில நேரம் காய்ச்சல் காட்டாது. நடுக்கம் வந்தா லேட் பண்ணாம ஓடி வந்துடுங்க.” அக்கா இதை எங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு முறைக்கு இரு முறை சொல்லியிருந்தாள். அவர் எங்கள் சபையின் மூப்பரும்கூட. ஞாயிறுதோறும் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தவர். என்ன நோய் என்று தெரிந்துதான் ஜெபித்தார்.

கம்பெனியில் ஒரு வழக்கம். முதலுதவி அறையில் தெர்மாமீட்டர் சூடு காட்டினால்தான் ஷிப்ட் நடுவில் வெளியே போகக் கேட் பாஸ். அன்று அது காட்டவில்லை. “எனக்குக் காட்டாது சார், டாக்டரே சொன்னாங்களே” என்று அக்கா சூப்பர்வைசரிடம் கெஞ்சினாள்.

“உடம்பு ஜில்லுனு கீது, இன்னாம்மா டிராமா? ஷிப்மென்ட் போவட்டும், அப்புறம் போ.”

நான் சண்டைக்குப் போனேன். என் வேலைக்கும் வேட்டு வைப்பதாக மிரட்டினார். ஷிப்ட் முடிவதற்குள் அக்கா மிஷின் மேலேயே சாய்ந்தாள். வேலூருக்குக் கொண்டுபோனபோது கிருமி ரத்தமெல்லாம் பரவியிருந்தது. அவள் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அடக்கத்துக்கு மாலையோடு முதல் ஆளாக வந்தவர் அவர்தான். அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். போன மாதம் சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், அவர் மைக்கைப் பிடித்து, “அந்தப் பொண்ண என் மகளாட்டம் பாத்துக்கினேன். கர்த்தர் எடுத்துக்கினார்” என்று கண்ணைத் துடைத்தார். கர்த்தரா எடுத்தார்?

எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். வீங்கிய விரல், நடுக்கம், டாக்டரம்மா சொன்னது, கேட் பாஸ், ஒன்றையும் விடவில்லை. அவர் மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டு தலைகுனிந்தார். பாஸ்டர் ஓடிவந்து, “மன்னிச்சுடும்மா” என்றார்.

“மொதல்ல அவர் ஒத்துக்கட்டும் பாஸ்டர். அப்புறம் பாக்கலாம்.”

அவர் பைபிளை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். மாதக்கணக்கில் தொண்டையில் இறங்காத சோறு அன்று மத்தியானம் எனக்கு இறங்கியது. பொய் சொல்வானேன், ருசியாகவே இருந்தது. ஆனால் அது போதாது. அக்கா எப்படிச் செத்தாள் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

இப்போது அவர் எங்கள் சபைக்கு வருவதில்லை. பஸ் ஏறிப் பேரணாம்பட்டில் ஒரு சபைக்குப் போகிறாராம். அங்கே அவரை யாருக்கும் தெரியாதாம். விசாரித்துவிட்டேன், அங்கேயும் சாட்சி சொல்ல நேரம் கொடுக்கிறார்கள். வருகிற ஞாயிறு அதே பஸ்ஸில் நானும் போகிறேன்.