எஃப்12-ம் இருபத்துமூன்றாம் தட்டும்

என் வலது மணிக்கட்டு மவுஸைப் பிடித்து அரை மணி நேரம் தாங்காது. ஒன்பதாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் ஆலையில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினேன். பிறகு திருப்பூர், பிறகு கேரளத்தில் ஒரு பரோட்டாக் கடை, பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆறு வருடம் காகிதம் வெட்டும் மிஷின். எந்த இடத்தில் மணிக்கட்டு போனது என்று சொல்ல முடியாது. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு ஓய்வு கொடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

அப்போது சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் லேபிள் டிசைன் பழகி, அதிலிருந்து கடைகளின் பட்டியலை இணையத்தில் ஏற்றப் பழகி, அப்படியே புரோகிராம் எழுதுகிற ஆள் ஆகிவிட்டேன். எழுதுகிற ஆள் என்பதுகூட அதிகம். எனக்கு முன்னால் மூன்று பேர் எழுதிவிட்டுப் போன நாலாயிரம் வரிகளுக்குள் நுழைந்து, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்து, ஒட்டுப்போட்டுவிட்டு வெளியே வருவதுதான் வேலை.

நாலாயிரம் வரியை மவுஸால் உருட்டித் தேடினால் மதியத்துக்குள் கை வீங்கிவிடும். அதனால் விசைகளைப் பழகினேன். கண்ட்ரோலும் பி-யும் அழுத்தி ஃபைலின் பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் அந்த ஃபைல் வந்து நிற்கும். கண்ட்ரோலும் ஜி-யும் அழுத்தி எண் கொடுத்தால் அந்த வரி. ஒரு சொல்லின் மேல் நின்று எஃப்12 அழுத்தினால், அது எங்கே உருவாக்கப்பட்டதோ அங்கே கொண்டுபோய் விடும். அதையே ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால், அந்தச் சொல் எங்கெங்கே புழங்குகிறது என்று வரிசையாகக் காட்டும். போன வழியே திரும்பி வர ஆல்ட்டும் இடது அம்பும். இவற்றை ஒரு பழைய சங்குசக்கர லேபிளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தேன். ஒரு மாதத்தில் அதைப் பார்க்க வேண்டிய தேவை போய்விட்டது. படிப்பு குறைந்தவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அங்கே இருக்கும் இங்கிலீஷ் முழுவதும் புரிய வேண்டியதில்லை. எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

மாடிக்குக் கீழே பேக்கிங் ஷெட். சுவரெல்லாம் மரத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு ரகப் பட்டாசு, தட்டின் நெற்றியில் சாக்பீஸால் எழுதிய எண். வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தால் கீழே ஒரு சீட்டு அச்சாகும். அதில் ரகத்தின் எண்ணும் எத்தனை பெட்டி என்பதும் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. சீட்டை அப்படி அமைத்தவன் நான்தான். பேக்கிங் பெண்களில் பாதிப்பேருக்கு வாசிக்க வராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் பெண்களில் மூத்தவர் அச்சங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். இருபது வருடம் பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்தவர். பக்கத்து அறை வெடித்துத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போன பிறகு, வெடிமருந்துப் பக்கமே வேண்டாம் என்று பேக்கிங் வேலைக்கு வந்திருந்தார். இலவசக் கண் முகாமில் கொடுத்த கண்ணாடி, ஒரு பக்கம் காம்புக்குப் பதில் நூல். டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் என் விரல்களை வேடிக்கை பார்ப்பார்.

"என்ன தம்பி, ஆர்மோனியமா வாசிக்கீக? ஒரு சத்தத்தையும் காணோமே?"

"அக்கா, இதுல சத்தம் வந்தா அண்ணாச்சி என்னய வெளிய அனுப்பிருவாரு."

"அனுப்புனா என்ன? போன வருசம் ஒரே மாசத்துல ஓடிப்போன ஆளுதானே நீங்க?"

அண்ணாச்சி என்பது முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, இருபத்துமூன்றாம் எண்ணில் இருந்த சாட்டை என்ற ரகம் இந்த சீசனில் ஆலையிலிருந்து வராது என்று தெரிந்தது. பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். கண்ட்ரோல் ஜி, வரி எண், அழி, சேமி. ஒரு நிமிட வேலை. மறுநாளோ அதற்கு மறுநாளோ அக்கா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கேட்டார்.

"தம்பி, இருபத்திமூணாம் தட்டு காலியாக் கெடக்கு. ஆனா சீட்டுல இருபத்திமூணு வருதே?"

நான் வேறொரு ஃபைலுக்குள் இருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "பழைய ஆர்டரா இருக்கும்க்கா. அடுத்த தட்டுல இருக்கதைப் போட்டு விடுங்க" என்றேன்.

அவர் போட்டு விட்டார்.

பத்து நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு படம் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கென்று கம்பி மத்தாப்பு கேட்ட ஒரு தாய்க்குப் போன பெட்டியில் பத்து டப்பா அணுகுண்டு. பெட்டியைப் பிள்ளைதான் பிரித்திருக்கிறது. நல்லவேளை, பக்கத்தில் நெருப்பு இல்லை. அன்றைக்கு மட்டும் ஆறு புகார். புஸ்வாணம் கேட்டவருக்கு ராக்கெட். ராக்கெட் கேட்டவருக்கு வேறென்னவோ. எல்லாச் சீட்டிலும் பெட்டி கட்டியவர் இடத்தில் அக்காவின் கையெழுத்துக் கீறல் இருந்தது.

நான் மாடியிலிருந்து இறங்கியபோது அண்ணாச்சி பேக்கிங் ஷெட்டுக்கு வந்திருந்தார். சத்தம் போடவில்லை. ஒரு சீட்டை அக்காவின் கையில் கொடுத்து, "இதுல என்ன நம்பர் போட்டிருக்கு, வாசிங்க" என்றார்.

"நாப்பது."

"கண்ணாடியக் கழட்டிட்டு வாசிங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "தெரியல அண்ணாச்சி. கலங்கலா இருக்கு."

"அம்புட்டுத்தான். வீட்ல இருந்து கண்ணைப் பாருங்க தாயி."

அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் மட்டும், "எனக்கே கொஞ்ச நாளாச் சந்தேகந்தான் தம்பி. பிள்ளை கைக்குக் குண்டை அனுப்பிட்டேனே" என்றார்.

மறுநாள் அக்கா இல்லாமல் கட்டிய பெட்டிகளிலிருந்தும் புகார் வந்தது. அப்போதுதான் உட்கார்ந்து தேடினேன். சீட்டு அச்சடிக்கும் ஃபைலைத் திறந்தேன். எண் என்ற சொல்லின் மேல் நின்று எஃப்12. அது இன்னொரு ஃபைலுக்குக் கொண்டுபோனது. அங்கே மறுபடி எஃப்12. மூன்றாவது தாவலில் போய் நின்ற வரி, பட்டியலில் ஒரு ரகம் எத்தனையாவதாக இருக்கிறதோ அதையே அதன் எண்ணாக எடுத்துக்கொள் என்று சொன்னது. சாட்டையை நான் அழித்ததும் அதற்குக் கீழே இருந்த எல்லா ரகமும் ஒரு படி மேலே ஏறிவிட்டன. தட்டில் சாக்பீஸ் எண் அப்படியே இருந்தது. நாற்பத்தொன்றில் இருக்கும் மத்தாப்பைக் கேட்டால் சீட்டு நாற்பது என்று சொல்லும். நாற்பதாம் தட்டில் இருப்பது அணுகுண்டு. காலித் தட்டுக்கு அடுத்ததைப் போட்ட பெட்டியில் மட்டும் அந்த ரகம் சரியாகப் போயிருக்கிறது.

அந்த வரிக்கு மேலே, 'இதைப் பின்னாடி மாத்தணும்' என்று ஒரு குறிப்பு இருந்தது. எழுதியவன் நான். முந்தின வருடம் இதே கடையில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போனபோது எழுதியது.

ஷிஃப்டும் எஃப்12-ம் அழுத்திப் பார்த்தேன். பதினாறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் போய், ரகத்துக்குரிய எண்ணைப் பெயரோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இடது கையின் சுண்டு விரல் கண்ட்ரோலிலேயே கிடந்து மரத்துப்போயிருந்தது. பிறகு கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் காலண்டரில் தீபாவளிக்கு எத்தனை நாள் என்று பார்த்தார். "புகார் சொன்னவுகளுக்கெல்லாம் பேக்கிங் ஆளை நிறுத்திட்டோம்னு போன்ல சொல்லியாச்சு. ஆளு தப்புன்னா மன்னிச்சிருவாக. கம்ப்யூட்டர் தப்புன்னா மத்தப் பெட்டியும் சந்தேகம்னு எல்லாரும் போன் போடுவாக. நீரு சரிபண்ணிட்டீருல்ல? பேசாம இரும்."

"மத்தப் பெட்டியும் சந்தேகந்தான் அண்ணாச்சி. இன்னும் எத்தனை பிள்ளைக பிரிக்கப் போகுதோ."

"அந்தப் பொம்பளைக்குக் கண்ணு தெரியலதானே?"

"அவுக கண்ணாடி போட்டு வாசிச்சது நாப்பதுதான். சீட்டுலயும் நாப்பதுதான்."

பத்து நாளில் போன பெட்டிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்காக நானே போன் போட ஆரம்பித்தேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. சாயங்காலம் போகும்போது, "வேணும்னா அந்தப் பொம்பளைய வரச் சொல்லும். ஆனா ஏன் எதுக்குன்னு விளக்கமெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளம் போனேன். அக்கா வீட்டு வாசலில் ஒரு பழைய சேலையை முழங்கை வரைக்கும் வருகிற மாதிரி கைக்கு உறையாகத் தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலைக்கு, வெடிகளுக்குள் மருந்து செலுத்தப் போவதாகச் சொன்னார்.

"மருந்துப் பக்கமே வேண்டாம்னு சொன்னீக?"

"சொன்னேன். கண்ணு இல்லாதவளுக்கு வேற என்ன இருக்கு? அதுல நம்பர் வாசிக்க வேண்டாம். கை போதும்."

எல்லாவற்றையும் சொன்னேன். சாட்டையை அழித்தது, காலித் தட்டு, திரும்பிப் பார்க்காமல் நான் சொன்ன பதில், போன வருடத்துக் குறிப்பு. ஊசியை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் ஊசியைச் சேலையில் குத்தி வைத்தார்.

"அப்ப என் கண்ணு?"

"நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியோட."

"நாசமாப் போவான். மூணு ராத்திரி தூங்கல நான். அந்தப் பிள்ளை மொகந் தெரியாது, ஆனாலும் கண்ணுக்குள்ளயே நிக்கி." எழுந்து உள்ளே போனார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நின்றார். "சீட்டுல ஏம்லே பேரு போடல?"

அதுவரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். அங்கன இருக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாசிப்பாக. வந்து கேட்டியா?"

"இல்லக்கா."

"பேரு போட்டா வாரேன். இல்லன்னா புதுப்பட்டிதான்."

திங்கட்கிழமை காலையில் அரை வரி சேர்த்தேன். பெயர் அச்சாக அவ்வளவுதான் தேவைப்பட்டது. அக்கா வந்து நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் சீட்டைக் கை நீட்டிப் பிடித்து, ஷெட் முழுக்கக் கேட்கும்படி எண், பெயர், எத்தனை பெட்டி என்று வாசித்துவிட்டுத்தான் எடுத்து வைத்தார். இரண்டாவது சீட்டும் அப்படியே. மத்தியானத்துக்குள் மற்ற பெண்களும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை மெதுவாக நடந்தது. மாடியில் இருந்த எனக்குத் தலை வலித்தது.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடையிலிருந்து குரல் கொடுத்தார். "தாயி, மனசுக்குள்ள வாசிக்கக் கூடாதா?"

"மனசுக்குள்ள வாசிச்சா, தப்பா வாசிச்சேம்பீக அண்ணாச்சி" என்றார் அக்கா, அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே.