டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பதினேழு வருடமாக நான் உதவியாளன். குடுவை கழுவுவேன், ஸ்டாண்டு துடைப்பேன், கதவைத் திறப்பேன், பூட்டுவேன். பாடம் நடத்த எனக்கு அதிகாரம் கிடையாது. அது இயற்பியல் டீச்சரின் வேலை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘செகண்டு முள்’. ஓர் இடத்தில் நிற்க மாட்டார், மற்றவர்களை நிற்கவும் விட மாட்டார்.

அந்த மனுஷியைத்தான் இந்த ஒரு வருடத்தில் நான்கு முறை ஆசிரியர் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பயிற்சியின் பெயரைக் கேட்டால் வயிறு எரியும்: ‘செய்து கற்றல்’. பிள்ளைகளைத் தங்கள் கையால் சோதனை செய்ய வைப்பது எப்படி என்பதை, அதையே இருபது வருடமாகச் செய்துவருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அவர் அங்கே கற்றுக்கொண்டிருந்த நாளெல்லாம் இங்கே ஆய்வகத்துக்குப் பூட்டு. அறிவியல் ஆசிரியர் இல்லாமல் திறக்கக் கூடாது என்பது விதி.

நான்காவது பயிற்சி முடிந்து வந்தவர் தோள் பையைக்கூட இறக்கவில்லை.

“இந்தத் தடவை என்ன டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க?”

“கை தட்டச் சொன்னாங்கண்ணே. முதல்ல தூறல் மாதிரி, அப்புறம் அடைமழை மாதிரி. தனி ஊசல் நடத்தணும், ஆனா நூலும் இல்ல, குண்டும் இல்ல. என்னை நடுவுல நிக்க வெச்சு ‘நீங்கதான் ஊசல், ஆடுங்க’ன்னாங்க. இந்த முட்டி வலியோட ஆடினேன். போட்டோ எடுத்துக்கிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

“கடைசியா எப்ப சார் வகுப்பு எடுத்தீங்கன்னு அந்தப் பயிற்சியாளரைக் கேட்டேன். கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்கன்னார். கடைசியில டீ குடுத்து அனுப்பிட்டாங்க.”

பொதுத்தேர்வின் செய்முறைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி, இருபது முறை ஆட எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை. மூன்றாவது நோட்டிலேயே பேனா நின்றுவிட்டது. மீதியை மளமளவென்று புரட்டினார்.

“நாப்பது விநாடி ஆகணும். நாப்பத்தோரு பேருக்கும் எப்படிண்ணே முப்பத்தேழு வந்துச்சு?”

முப்பத்தேழு காட்டியது மெதுவாக ஓடிய பழைய ஸ்டாப்வாட்ச். போன வருடப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு வந்த பிறகுதான் அதன் கோளாறே தெரிந்தது. டீச்சர் தன் கையாலேயே அதைக் குப்பையில் போட்டார்.

“செத்துப்போன வாட்ச் இந்த வருஷம் எப்படி ஓடுச்சு?”

ஓட்டியவன் நான்தான். டீச்சர் பயிற்சியில் இருந்தபோது தலைமையாசிரியர் கூப்பிட்டு, “நோட்டு நிரம்பணும்பா. போன வருஷ நோட்டை எடுத்துக் குடு, பார்த்து எழுதிக்கட்டும்” என்றார். கொடுத்துவிட்டேன். வேலைக்குப் பயந்து கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். சொன்னதைச் செய்து செய்து எனக்கு மரத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். நோட்டுகளை அடுக்கி வைத்தார்.

“அப்ப ஒரு பிள்ளைகூட நூலைத் தொடலை.”

“இல்ல டீச்சர்.”

“திங்கக்கிழமை முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். பரீட்சைக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால செஞ்சிருக்கணும். ஒண்ணு விடாம.”

திங்கட்கிழமை காலை உத்தரவு வந்தது. ஐந்தாவது பயிற்சி, பத்து நாள், அன்றே கிளம்ப வேண்டும். டீச்சர் போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. “பத்து நாள் கழிச்சு நான் வந்து யாருக்குச் சார் சொல்லிக்குடுக்க?” தலைமையாசிரியர் ஒரே பாட்டைத்தான் பாடினார். “மேலிடத்து உத்தரவும்மா. நீங்க போகலைன்னா என்னையும் சேர்த்து விளக்கம் கேப்பாங்க.” ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு டீச்சர் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. அது என்னைச் சுட்டது.

பிற்பகலில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“முப்பத்தேழு தப்பாமே? நாப்பதுன்னு போர்டுல எழுதிப் போட்டுடு. அடிச்சிட்டு மாத்திக்கட்டும்.”

அவ்வளவு சுலபம்! மூன்று விநாடிதானே வித்தியாசம். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. “சரி சார்” என்று சொல்லிவிட்டு நேராகப் போய் ஆய்வகத்தைத் திறந்தேன். எட்டு ஸ்டாண்டுகளை வெளியே எடுத்து, நூல் கட்டி, குண்டு தொங்கவிட்டு, புது ஸ்டாப்வாட்சுகளை எடுத்து வைத்து, பத்தாம் வகுப்பை உள்ளே அழைத்தேன்.

“எனக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. டீச்சர் எடுக்கிறதைப் பதினேழு வருஷமா பார்த்திருக்கேன். லேசா இழுத்து விடுங்க, தள்ளாதீங்க. வர்றதை எழுதுங்க. பக்கத்து நோட்டைப் பார்த்தா கையை ஒடிச்சிடுவேன்.”

ஒரு குழுவுக்கு நாற்பது புள்ளி மூன்று வந்தது, இன்னொன்றுக்கு முப்பத்தொன்பது புள்ளி எட்டு. எண்ணிக்கையில் கோட்டைவிட்ட ஒரு பெண்ணுக்கு நாற்பத்துநான்கு. “நாப்பதுன்னு போட்டுக்கட்டுமாண்ணா?” என்று கேட்டாள். மறுபடி ஆட்டச் சொன்னேன்.

அப்போது வாசலில் தலைமையாசிரியர் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“யாரைக் கேட்டுய்யா திறந்தே?”

அந்தப் பெண் தலையைத் திருப்பவில்லை. குண்டின் மேலேயே கண் வைத்து, “பதிமூணு, பதினாலு” என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு நேரே கையைக் காட்டி நிறுத்தினேன்.

“எண்ணிட்டிருக்கா சார். இருபது வர்ற வரைக்கும் பேசாதீங்க.”