படிகார முட்டையும் என் சுண்டுவிரலும்

அந்த வருஷம் ஈஸ்டர் முட்டைகள் மொட்டையாக வந்தன. படிகாரம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என் விரலில் இருந்தது.

முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, வாயால் ஊதி உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, ஓட்டில் பசை தடவிப் படிகாரத் தூளில் புரட்டுவேன். பிறகு விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கும் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தால், மறுநாள் ஓடெல்லாம் பளிங்கு பூத்திருக்கும். சூடு அதிகமானால் தூள் கரைந்துவிடும். அதனால் இடது சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

அன்றும் பார்த்தேன். ஆறியிருந்ததாகத்தான் பட்டது. சாயங்காலம் அந்த விரலில் கொப்புளம், வலியே இல்லை. அடுப்படியில் பழகின கை என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

புண் ஆறவில்லை. காரைக்காலில் டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். தொட்டது தெரியவில்லை. தொழுநோய் (நரம்பைத் தாக்கித் தொடுவுணர்ச்சியைக் கெடுப்பது) என்றார். முழங்கையில் தேமல் என்று நான் விட்டுவைத்ததும் அதுதானாம்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க, யாருக்கும் ஒட்டாது. போன உணர்ச்சி திரும்புமான்னுதான் சொல்ல முடியலம்மா."

எனக்கு விரலைவிட மனுஷர்களைப் பற்றித்தான் பயம். பயந்தபடியே ஆயிற்று. பூவத்தில் இருக்கும் நாத்தனார் பிலோமினா, முன்பு நான் செய்து கொடுத்து, அவள் பீரோ மேல் அடுக்கி வைத்திருந்த முட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வாயால் ஊதினதாச்சே என்றாளாம். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தன.

இரண்டு வருஷம் மாத்திரை. அந்த மருந்தில் தோல் கறுத்தது. மாதம் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலிருந்து அடுத்த முறை போகும் நாள்வரை என்றாயிற்று. உங்களுக்கும் மரத்த விரல் இருந்தால், தினமும் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள். வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை முடிந்த பிறகு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பிலோமினா ஆறு முட்டையோடு வந்து நின்றாள். படிகாரத் தண்ணீரைக் காய்ச்சி இறக்கினேன். பழக்க தோஷம், விரலை விட்டுவிட்டேன்.

"அண்ணி, ஆவி பறக்குது. கையை எடுங்க."

அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அவள் பிடித்திருந்தது அந்தச் சுண்டுவிரலை.