ஊசியில்லாத மெஷின்

"இவ்விதிகள் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன், பத்தாண்டுகளுக்குக் குறையாமல் உரிமம் பெற்று அழகு நிலையம் நடத்தி வருபவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமில்லை, அந்த உரிமமே போதிய சான்றாகும்." அழகு நிலையங்களுக்கான புதிய விதிகளில் ஏழாவது இது. எனக்கு மனப்பாடம். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில், முதலில் உரிமப் பிரிவிலும் பிறகு வரிப் பிரிவிலுமாகப் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். பேரன்களின் பிறந்தநாள் மறந்தாலும் விதி எண்கள் மறப்பதில்லை. இந்த ஏழாவது விதியை நினைக்கும்போதெல்லாம் என் வீட்டு முன்னறையில் நிற்கும் தையல் மெஷின் பக்கம் கண் போகிறது. கறுப்பு வண்ணம் உரிந்த பழைய மெஷின். மேல்பலகை முழுக்க வட்டவட்டமாய்க் கறை. அவை ஃபேஷியல் கிரீம் டப்பாக்கள் இருபது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து எழுந்த தடங்கள். மெஷினில் ஊசி இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

அது பார்லர்காரம்மாவுடையது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு அப்பால், மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு மருந்துக்கடையின் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். முதன்முதலில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. கடைக்கு உரிமம் வேண்டும் என்றார். எங்களிடம் இருந்த தொழில் பட்டியலில் மாவு மில் முதல் டயர் ரீட்ரெடிங் வரை எல்லாம் இருந்தது. ஆண்களுக்கு முடிதிருத்தகமும் இருந்தது. பெண்களின் முகத்துக்கு ஏதாவது செய்வது ஒரு தொழில் என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதினால் பதில் வர ஒரு வருடம். அதற்கிடையில், பார்லர் என்ற சொல்லைக் கண்டதுமே காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு விசாரணை வரும். இதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ மேடம், ஊட்டுக்குப் போலீஸ் வந்துதுன்னா எங்க மாமியா கடைச் சாவியப் புடுங்கிக் கெணத்துல போட்டுருமுங்க."

சிரித்துவிட்டேன். ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒரு பின்கதவு உண்டு. அதன் சாவி என்னிடம் இருக்கிறது என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி, தொழிலின் பெயர் என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: பெண்கள் தையல் கடை. "மூலையில ஒரு மெஷின் வாங்கிப் போட்டுரு அம்மணி. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

யாரோ கழித்துப் போட்ட மெஷினை வாங்கிப் போட்டார். ஊசி மட்டும் வாங்கவில்லை. "தைக்கவா போறேன்? குத்திக்கிட்டா ஆருங்க பாக்கறது?" என்றார். ஒருமுறை சோதனைக்கு வந்த ஆய்வாளர் எல்லாம் தெரிந்த சிரிப்போடு, "எங்கீங்க, ஒரு ஜாக்கெட் தைச்சுக் காட்டுங்க பாக்கலாம்" என்றாராம். "அளவு குடுத்துட்டுப் போங்க சார், தைச்சு வெக்கறேன்" என்று இவர் சொல்ல, நாற்காலியில் முகப்பூச்சோடு படுத்திருந்த கல்யாணப் பெண் சிரித்ததில் பூச்சு வெடித்துவிட்டதாம். இந்தக் கதையை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் போட அங்கே போவேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் முறுக்கி, இமைக்கும் நேரத்தில் புருவத்தை வில்லாக்கிவிடுவார். பேச முடியாததால் கண்ணாலேயே மிரட்டுவார். நூலை எடுத்த பிறகுதான் வசவு வரும்: "ஆடாதீங்க கண்ணு, ஆடுனா புருவம் போயிரும். போச்சுன்னா அடுத்த மாசந்தான் வரும், கல்யாணம் அதுவரைக்கும் நிக்குமா?" எந்த நிறுவனத்திலும் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு சரி. அக்கம்பக்கத்தில் மூன்று மண்டபங்கள் இருந்தன. அவற்றில் மேடையேறிய மணப்பெண்களில் பாதிப் பேராவது அவர் கைபட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

சில வருடங்களில் எங்கள் பட்டியல் திருத்தப்பட்டது. அழகு நிலையம் என்று ஒரு வரி சேர்ந்தது. உரிமப் பிரிவில் எனக்கு அடுத்து அமர்ந்தவரிடம், "அந்தக் கடையை அடுத்த புதுப்பிப்பில் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வரிப் பிரிவுக்கு மாறிப்போனேன். வாயால் சொன்னேன். குறிப்பு எழுதவில்லை. என் பணிக்காலம் முழுவதும் எழுத்தில் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! புதுப்பித்தல் என்பது சென்ற ஆண்டின் வரியை இந்த ஆண்டின் தாளில் பெயர்த்து எழுதுவது மட்டுமே என்பதும் எனக்குத் தெரியாததல்ல. உரிமத்தைச் சட்டம் போட்டு, நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தார். சாயம் காயும் வரை அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். ஒரு நாளாவது எழுந்து திரும்பிப் படித்திருக்கலாம்.

பிறகு புதிய விதிகள் வந்தன. அழகுக்கலைக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். மூன்று மாத வகுப்பு. எட்டாம் வகுப்பு போதும். ஆர்.எஸ்.புரத்தில் வகுப்பு தொடங்குகிறது என்று எங்கோ கேட்டுவிட்டுப் பார்லர்காரம்மா என்னிடம் வந்தார். "ஏனுங் மேடம், சேந்துக்கட்டுங்களா? மத்தியானத்துக்கு மேல கடையச் சாத்திப்போட்டுப் போயிட்டு வாரேன்." நான் ஏழாவது விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். "உனக்கு எதுக்கு அம்மணி? நீயே நாலு பேருக்கு வகுப்பெடுக்கலாம்." அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அதைவிட.

வகுப்புகள் முடிந்து, அடுத்த புதுப்பிப்புக்கு ஆய்வாளராக ஒரு சின்னப் பெண் வந்தாள். நல்ல மரியாதையான பெண். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தூசி துடைத்து, நிதானமாகப் படித்தாள். அன்று நாற்காலியில் நானும் இருந்தேன், தலை முழுக்கச் சாயத்தோடு.

"அக்கா, இதுல தையல் கடைன்னுதானுங்களே இருக்குது?"

பார்லர்காரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பெண் பக்கம் அவர் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக என்னை மட்டுமே பார்த்தார். காகிதத்தின்படி இருபது வருடத்துக்கும் மேலாக அவர் தையற்காரி. ஒரு புருவத்தைக்கூடத் தொட்டதில்லை. விலக்குக் கிடையாது, சான்றிதழ் வாங்கும் வரை கடையைத் திறக்கவும் கூடாது. சரி, படித்துவிடுவோம் என்று ஆர்.எஸ்.புரத்துக்கு ஓடினோம். அதற்குள் விதியைத் திருத்தியிருந்தார்கள். இப்போது ஆறு மாத வகுப்பு. குறைந்தது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. படிவத்தை நீட்டிய பையன், "உங்க பொண்ணுக்குங்களா?" என்று கேட்டான்.

என்னால் செய்ய முடிந்தது மனு எழுதுவது மட்டும்தான். நடந்ததை நடந்தபடி எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதியவள் நான், தண்டிக்க வேண்டுமானால் ஓய்வூதியத்தில் கைவையுங்கள், அந்த அம்மாளின் உரிமத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள் என்று கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளில் நினைவூட்டு. அறுபதில் இன்னொன்று. பிறகு நேரில் போனேன். எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் எழுந்து நின்று வணங்கினார்கள், காபி வரவழைத்தார்கள். கோப்பு சுற்றில் இருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

அந்த ஆவணி முகூர்த்தங்களுக்குப் பேசி வைத்திருந்த பெண்கள் வேறு கடைக்குப் போனார்கள். வீட்டுக்கு வரச் சொன்ன ஒன்றிரண்டு பேரும் அவர் சான்றிதழ் இல்லாதவர் என்று கேள்விப்பட்டு, "அடுத்த தடவ பாக்கலாமுங்க்கா" என்று நழுவினார்கள். தை பிறப்பதற்குள் மாடியைக் காலி செய்தார். காலி செய்த அன்று ஆட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"இது உங்க எழுத்துக்காக வாங்குனதுங்க மேடம். உங்ககிட்டயே இருக்கட்டும்." குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. "பனியன் கம்பெனில வரச் சொல்லியிருக்காங்க. வேன் ஊட்டுக்கே வந்துருமுங்க. தையல் செக்ஷன்." கொஞ்சம் சிரித்தார். "இப்பத்தான் படிச்சுக்கறேன். நேத்து ஊசி குத்திப்போடுச்சு." இடது ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. நூலை முறுக்குகிற விரல்.

என் தலை இப்போது முழு வெள்ளை. வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை. காலையில் அந்தக் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையைத் தாண்டும். ஜன்னலோரம் அவர் இருப்பார். முதலில் கையாட்டுவார். இப்போதெல்லாம் தூங்கிக்கொண்டு போகிறார்.

மனுவுக்குப் பதில் வந்தது. இரண்டு பத்தி. தவறான வகைப்பாட்டில் வழங்கப்பட்டதாக வழங்கிய அலுவலரே ஒப்புக்கொள்வதால், மேற்படி உரிமம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே செல்லாததாகிறது. ஆகவே விலக்கு கோர இடமில்லை. இது முதல் பத்தி. நிகழ்வு நடந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், ஓய்வு பெற்ற அலுவலர் மீது விதிகளின்படி நடவடிக்கை எடுக்க இயலாது. இது இரண்டாம் பத்தி. பிழையில்லாத கடிதம். நான் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

அதை மெஷின் மேல், கிரீம் டப்பாக் கறைகளின் மேல் வைத்தேன். பிறகு பழக்கத்தை விட முடியாமல் பேனாவை எடுத்து, இடது மூலையில் எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்: வரப்பெற்றது, மார்ச் 19.