சித்தி முடிக்காத பாட்டு

என் சித்தியால் ஓரிடத்தில் நிற்க முடியாது. தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாரென்றால் குடித்து முடிப்பதற்குள் குசினி, விறாந்தை, பல்கனி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும் கதவடியில்தான் நிற்பார். அங்கும் ஒரு காலை மாற்றி மற்றக் காலில் தாளம் தட்டிக்கொண்டு. "உவளுக்குக் காலிலை சில்லுப் பூட்டித்தான் அனுப்பியிருக்கு" என்று அம்மா சொல்வார். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் தொடர்மாடி வீட்டில் எங்களோடுதான் அப்போது இருந்தார்.

இன்றைக்கு நோர்வேயில் பாட்டுக் கேட்கிறவர்கள் பலருக்கும் சித்தியைத் தெரியும். சோல் பாடகி. சோல் என்றால் என்னவென்று அம்மாவின் சிநேகிதிகள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்து, உடைத்து, மன்றாடி, அதட்டி, அந்தச் சொல்லுக்குள் இருந்த அழுகையும் சிரிப்பும் வெளியே வரும்வரை விடாமல் பாடுவது என்று எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்லிவைப்பேன். ஆனால் சித்தி அங்கே தொடங்கவில்லை. அவர் தொடங்கியது இசை நாடகத்தில். அந்தத் தொடக்கம் எப்படி முடிந்தது என்பதை நான் பார்வையாளர் பக்கமிருந்து பார்க்கவில்லை; மேடையிலேயே நின்று பார்த்தேன்.

அம்மாவும் சித்தியும் வளர்ந்தது நோர்வேயின் வடக்கு நுனியில், ஒரு மீன்பிடி ஊரில். அவர்களுடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அம்மா சிறுபிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்தவர்; சித்தி அங்கேயே பிறந்தவர். அதனால் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் அசல் வடக்கத்திக் கரையோர நோர்வேஜியமும் சித்தியின் வாயில் வரும். ஒஸ்லோவில் ஒரு நாடக அரங்கில் வடக்கு மீனவர்களைப் பற்றிப் புதிய இசை நாடகம் போடப்போகிறார்கள், பாடகர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாதிப் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டுப் போய் நின்றார். எங்களூர் முகம் ஒன்று வாயைத் திறக்க, அதற்குள்ளிருந்து வடக்குக் கரைப் பேச்சு வந்ததைக் கேட்டு நெறியாளர் வாய்விட்டுச் சிரித்தாராம். அன்றைக்கே சித்திக்கு இடம் கிடைத்தது. தலையில் துணி கட்டிய ஊர்ப்பெண்களில் ஒருத்தி. கதாநாயகிக்கு ஏதும் நடந்தால் அவருடைய பாத்திரத்தை ஏற்க வேண்டிய மாற்று நடிகையும் அவர்தான்.

அந்த நாடகத்துக்குச் சிறுவர்களும் தேவைப்பட்டார்கள். ஒன்பது வயதான என்னைச் சித்தி கூட்டிக்கொண்டு போனார். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டால் நானும் ஒரு வடக்கத்திப் பிள்ளைதான்.

என் வேலை இதுதான். முதற்பாதி முடிகிற இடத்தில் மீனவனின் மனைவி துறைமுகத்தில் தனியாக நின்று கடலைப் பார்த்துப் பாடுவாள். புருஷன் போன படகு திரும்பவில்லை. பாட்டின் கடைசி வரி, வீட்டுக்கு வா. அவ்வளவுதான். அந்த வரி முடிந்து இசை அடங்கியதும், விளக்கோடு பின்னால் நிற்கிற பிள்ளைகளில் முதல் ஆளாக நான் நடந்துபோய் அவளுடைய கையைப் பிடிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் என் பின்னால் வருவார்கள். திரை விழும். நான் கையைப் பிடிக்காவிட்டால் திரை விழாது என்று எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண் சொல்லியிருந்தார். நான் அதை அப்படியே நம்பினேன். நாடகம் முழுவதும் என் கையில்தான் தொங்குகிறது என்கிற நினைப்பில் சில நாட்கள் சாப்பாடு இறங்கவில்லை.

இசை நாடகத்தில் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் வெள்ளை நாடா ஒட்டிக் காட்டியிருப்பார்கள். அந்த நாடாவில் நின்றால்தான் வெளிச்சம் முகத்தில் விழும். நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்க வேண்டும், நேற்று மூச்சு எடுத்த இடத்தில் இன்றும் எடுக்க வேண்டும். காட்சி முடிந்து வெளியே வந்தால் கட்டி வைத்து அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரிச் சித்தி தெருவில் நடப்பார். நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தது. கதாநாயகிக்குத் தொண்டை அடைத்துப் பேச்சே வரவில்லை. பகல் காட்சியில் சித்திதான் மீனவனின் மனைவி. கதாநாயகி வேறு ஊருக்குப் போகப் போகிறார் என்பது முன்பே தெரிந்த விஷயம். அவருடைய இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நெறியாளரே இன்றைக்கு வந்து முன்னால் இருந்து பார்ப்பார் என்றும் சொன்னார்கள்.

சித்தி தொலைபேசியை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றத் தொடங்கினார். அம்மா தொலைபேசியை எடுத்துச் சொந்தக்காரரைச் சுற்றத் தொடங்கினார். நகரின் இன்னொரு பகுதியில், ட்வெய்ட்டாவிலிருந்த பெரியப்பா குடும்பம் உடனே புறப்பட்டது. அம்மாவுக்கு நாடகத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நிரந்தர வேலையைப் பற்றி இருந்தது. தாதிப் படிப்பை விட்ட தங்கைக்கு ஒரு நிலையான இடம் கிடைத்துவிட்டால், அது அழுகிற மீன்காரியின் இடமாக இருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். வெளிக்கிடும்போது சித்தியின் நெற்றியில் திருநீறு பூசி, "சொல்லித் தந்த மாதிரிப் பாடிப்போட்டு வா" என்றார். பிறகு அந்தத் திருநீற்றை ஒப்பனைக்காரப் பெண் பஞ்சால் துடைத்தெடுத்தார்.

சித்தி நன்றாகத்தான் பாடினார். நாடாவில் நின்றார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. துறைமுகப் பாட்டு வந்தது. நான் விளக்கோடு பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தது. வீட்டுக்கு வா. கீழே வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையை உயர்த்தி இசையை அடக்கினார். நான் காலைத் தூக்கினேன்.

சித்தி அந்த வரியைத் திரும்பவும் பாடினார்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சித்தி இன்னொரு தடவை பாடினார், இந்த முறை மிகவும் கீழே, யாருடைய காதுக்குள்ளேயோ சொல்வது மாதிரி. பிறகு வா என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மேலே கொண்டுபோனார். அது நடுவில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். நாடாவை விட்டு நகர்ந்து மேடையின் விளிம்பை நோக்கி நடக்க, வெளிச்சம் அவரைத் தவறவிட்டு, தடுமாறி, பின்னால் துரத்திக்கொண்டு போனது. நடத்துகிறவரின் கை உயர்ந்தபடியே நின்றது. எல்லா வாத்தியமும் நின்றிருக்க, பெரிய பாஸ் வயலின் வைத்திருந்த மனிதர் மட்டும் யாரையும் கேளாமல் விரலால் தந்தியைத் தட்டத் தொடங்கினார். சித்தி அந்தத் தட்டுகளின்மேல் ஏறி நடந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சித்திக்குப் பாட்டு மறந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கவிதை சொல்லும்போது எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அடுத்த வரி வரும்வரைக்கும் தெரிந்த வரியையே திரும்பத் திரும்பச் சொல்வேன். முகம் சூடாகும், குரல் உடையும், கால் தானாக நகரும். சித்திக்கும் எல்லாம் அப்படியே நடந்துகொண்டிருந்தது. இனி வரியே இல்லை, பாட்டு முடிந்துவிட்டது என்பதைக்கூட மறந்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் நின்ற பிள்ளை, உன் சித்திக்கு என்ன என்று கிசுகிசுத்தாள். முன்வரிசையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது தெரிந்தது.

யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே நான் போனேன்.

நாடா ஒட்டிய இடத்தைத் தாண்டி, மேடையின் விளிம்புவரை நடந்துபோய்ச் சித்தியின் கையைப் பிடித்தேன். கை கொதித்தது. சித்தி குனிந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை; அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பிறகு தெரிந்தது. குரல் அப்படியே நின்றது. பாஸ் வயலின்காரர் இன்னும் இரண்டொரு தட்டுத் தட்டிவிட்டு அவரும் நிறுத்தினார். பிறகு சனம் எழும்பிக் கைதட்டியது. திரை விழுந்தது. கைதட்டலில் பாதியாவது எனக்குரியது என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன்.

இடைவேளையில் உடுப்புப் பெட்டிமேல் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நெறியாளர் வந்தார். கோபமில்லை. சித்தியின் தோளில் கை வைத்து, "மறந்துவிட்டாய், இல்லையா? முதல் நாள். யாருக்கும் நடக்கும்" என்றார்.

சித்தி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார். திரும்பி வந்தார். "இல்லை. நான் மறக்கவில்லை" என்றார்.

"அப்படியென்றால் நாளைக்கு எழுதியிருக்கிற மாதிரிப் பாடுவாயா?"

சித்தி யோசித்தார். "தெரியாது" என்றார்.

நெறியாளர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டாம் பாதியைச் சித்தி ஒரு பிசகும் இல்லாமல் பாடி முடித்தார். ஆனாலும் மீனவனின் மனைவி வேறொருவருக்குப் போனாள். நாடகப் பருவம் முடிந்தபோது, தலையில் துணி கட்டிய ஊர்ப்பெண் இடமும் போயிற்று.

அன்றைக்கு அரங்க வாசலிலேயே வீட்டு வழக்கு தொடங்கிவிட்டது. பெரியப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். அப்பா மட்டும் மெதுவாக, "சனம் எழும்பி நிண்டெல்லோ கைதட்டினது" என்றார்.

"சனம் கைதட்டும். சனமோ வேலை குடுக்கிறது?" என்றார் அம்மா.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவைதான். அந்தப் பாஸ் வயலின்காரர் சித்தியைத் தேடி வந்தார். அவருடைய சிநேகிதர்கள் ஒரு நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கதிரைகள் காலியாகக் கிடந்தன, பிறகு நிறைந்தன, பிறகு சித்தி எங்கள் வீட்டிலிருந்து இடம் மாறிப் போனார். முதல் இசைத்தட்டு வந்தபோது பேர்கனில் கச்சேரி நடந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த நான் முன்னால் நின்று கேட்டேன். ஒரேயொரு சொல்லை வைத்துக்கொண்டு சித்தி மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். எந்த இடத்திலும் நாடா ஒட்டியிருக்கவில்லை. ஒருமுறை வானொலியில் கேட்டார்கள், எங்கே தொடங்கினீர்கள் என்று. ஒரு பகல் காட்சியில், முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் விட்டபோதுதான் என் குரலை முதன்முதலாகக் கேட்டேன் என்றார் சித்தி. பிறகு ஏன் முடித்தீர்கள் என்று கேட்டார்கள். முடிக்க வேண்டி வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

சித்தி காரில் ஏற மறுத்துவிட்டார். நான் சித்தியோடுதான் வருவேன் என்று அடம்பிடித்தேன். நிலக்கீழ் ரயிலில் வந்தோம். எங்கள் நிலையம் வருவதற்கு முன்னமே சித்தி இறங்கிவிட்டார். மிச்சத் தூரத்தை நடக்கலாம் என்றார். வசந்தகாலம். வெயில் இன்னும் இருந்தது. பாதையோரத்தில் கடைசிப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. சித்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். பாதியில் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

எனக்கு ஒரு விஷயத்தைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. சித்தி நெறியாளருக்குச் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் மறக்கவில்லை என்றால் நான் ஏன் போனேன்?

"சித்தி, உங்களுக்குப் பாட்டு மறந்துபோச்சுது தானே?"

சித்தி நின்றார். மேடைக்கு வெளியே அவர் அசையாமல் நின்றதை அன்றைக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் காதுவரை சரியாக இழுத்துவிட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார். "எல்லாம் மறந்துபோச்சு. நீ வராட்டி நான் இப்பவும் அங்கைதான் நிண்டிருப்பன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியானால் நான்தான் காப்பாற்றினேன். சித்தி நெறியாளரிடம் பயத்தில் பொய் சொல்லியிருக்கிறார். வேலை போய்விடும் என்று பயந்திருப்பார், பெரியவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. என்னை நம்பித்தான் உண்மையைச் சொல்கிறார். நானும் ஒரு பெரிய மனுஷி மாதிரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ சித்தி, நான் அவரிட்டைச் சொல்ல மாட்டன்" என்றேன்.

சித்தி சிரிக்கத் தொடங்கினார். நடக்க முடியாமல், பாதையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று விளங்காமல்.